மூன்று கால் எருமையும் முசஃபா டென்டரும்

அபுதாபியில் இறங்கியபோது என் சட்டைப் பையில் ஒரு காட்டெருமை இருந்தது. அதற்கு மூன்று கால்கள். செவ்வாய்க்கிழமை காலை 6.40. சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து மேலேயிருந்த பெட்டியை இழுத்தார். அது நேராக என் தலையில் வந்து இறங்கியது. நான் முதலில் தடவிப் பார்த்தது தலையை அல்ல, சட்டைப் பையை.

காசு சேர்க்கும் பைத்தியம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை அடித்த ஐந்து சென்ட் காசில் ஒரு பக்கம் பழங்குடித் தலைவரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. நியூயார்க்கில் ஏதோ ஒரு காட்சிசாலையில் நின்ற எருமையைப் பார்த்துத்தான் வரைந்தார்களாம்; எந்தக் காட்சிசாலை என்பதில் நூல்கள் இன்னும் அடித்துக்கொள்கின்றன. அழகான காசு. ஒரே குறை, ஆண்டு எண்ணை மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள். பத்துப் பேர் கை மாறினால் ஆண்டு தேய்ந்து காணாமல் போகும். ஆண்டு இல்லாத காசைப் பார்த்தால் எனக்குப் பெயர் இல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல இருக்கும்.

1937இல் டென்வரில் காசு அடிக்கும் அக்கசாலையில் ஒருவர் அச்சில் விழுந்த வடுவைப் போக்க அதைத் தேய்த்தார். கொஞ்சம் ஆசையாகவே தேய்த்துவிட்டார். எருமையின் முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே மறைந்தது. குளம்பு மட்டும் தரையில் தனியாக நின்றது. அதைக் கவனிக்காமல் காசுகளை அடித்து வெளியே விட்டுவிட்டார்கள். இன்று அந்த மூன்று கால் எருமைக்காக உலகமே அலைகிறது. அலைகிறவர்கள் இருந்தால் ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். சாதாரண 1937 காசை எடுத்து ஒரு காலைச் சுரண்டிவிட்டு, 'இதோ' என்று நீட்டுவார்கள்.

அசலுக்கு ஓர் அடையாளம் உண்டு. வயிற்றுக்கும் தரைக்கும் இடையே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு இறங்கும். எருமை நின்றபடியே ஒன்றுக்குப் போவதுபோல இருக்கும். பல நாடுகளில், படித்த பெரிய மனிதர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, இந்த எருமை போகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

பாளையங்கோட்டையில் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை செய்த காலமெல்லாம் தேதி பார்த்தே கண் பூத்துப்போனது. எங்கள் நாணயக் கழகத்தின் மாத இதழில், மூன்று கால் எருமையில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் எழுதிய கட்டுரை வளைகுடா வரை சுற்றியது. எங்கெங்கிருந்தோ வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். என் காசோடு ஒப்பிட்டுப் பார்த்து, அசல் அல்லது போலி என்று ஒரே சொல்லில் பதில் போடுவேன். அந்தப் புகழில்தான் துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் காதர் பாய் டிக்கெட் அனுப்பி என்னை அழைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். கைக்கடிகாரம், பேட்டரி, பெல்ட் இவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தட்டில் பழங்காசு. வெள்ளிக்கிழமை மாலை ஓர் உணவகத்தின் மாடியில், காசு சேர்க்கும் தமிழர்களுக்கு முன்னால் நான் பேச வேண்டும். என் மூன்று கால் எருமையை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"அதுக்கு முன்ன கடைக்கு வந்துறாதீங்க சார். நான் இப்பவே பாத்துட்டா வெள்ளிக்கிழம எனக்கு ருசி போயிரும்" என்று தொலைபேசியில் கட்டளை.

தங்குவது அபுதாபியில், என் அக்கா மகன் செந்திலின் அறையில்; விமான நிலையத்துக்கு அவன்தான் வந்திருந்தான். முசஃபாவில் ஒரு கராஜில் ஸ்டோர் கீப்பர். கண்ணாடிக் கதவு திறந்ததும், யாரோ பெரிய பானையின் மூடியை என் முகத்துக்கு நேரே தூக்கியதுபோல வெக்கை.

"காலைல எட்டு மணிக்கேவா இப்படி?"

"இது குளிர்ச்சி மாமா. பதினோரு மணிக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வழியில் ஒரு மலையாளி கஃபட்டேரியாவின் முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்து, காரின் கண்ணாடி வழியாகக் கரக் சாயாவை நீட்டினார். ஏலக்காயும் டின் பாலும் சேர்ந்து கொதித்துக் குறுகிய தேநீர். எங்கள் ஊரில் டீக்கடைக்கு நாம் போவோம். இங்கே டீ நம்மிடம் வருகிறது. மீதிச் சில்லறையில் இரண்டு இருபத்தைந்து ஃபில்ஸ் காசுகள். அவற்றில் ஒரு மான். உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"என்ன சேட்டா, சில்லறை குறைவா?" என்று அவர் மலையாளத்தில் கேட்டார்.

"இல்லை. கால் எண்ணுகிறேன்."

நான்கும் இருந்தன. இரண்டாவது மானுக்கும் நான்கு. அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் வேறு பக்கம் பார்த்தான்.

புதன்கிழமை தனியாகத் துபாய்க்குப் பேருந்தில் போனேன். முன்னிருக்கையில் இருந்தவர் அபுதாபியிலிருந்து துபாய் வரை ஒரே அழைப்பில் மனைவியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, இறங்குமிடம் வந்ததும் "சரி, அப்புறம் பேசுறேன்" என்றார். தேராவில் கடைகளுக்கு நடுவே நடந்தபோது காதர் பாயின் தெரு வந்தது. பொதுச் சாலையில் திருடன்போலக் குனிந்து கடந்தேன்.

தங்கச் சந்தையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், வளையல்களுக்கும் ஆரங்களுக்கும் கீழே, பொன்னாலான காட்டெருமை நின்றது! 2006இலிருந்து அமெரிக்கா அடிக்கும் சுத்தத் தங்கக் காசு. பழைய ஐந்து சென்ட் எருமையைத்தான், 1913இன் முதல் அச்சில் நின்ற அதே மண்மேட்டின் மேல், திரும்ப நிற்கவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு வாழைப்பழம் வாங்கப் பயன்பட்ட பிராணி இன்று குளிரூட்டிய அறையில் காவலாளியோடு நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டேன்.

விற்பனையாளர் இந்தியில் கேட்டார். "வாங்குகிறீர்களா, அங்கிள்?"

"இல்லை."

"வெளியே எடுத்துக் காட்டட்டுமா?"

"வேண்டாம். நான்கு இருக்கின்றன. போதும்."

திரும்பும்போது கடல்கழியை அப்ரா என்ற மரப் படகில் கடந்தேன். ஒரு திர்ஹம்தான் கட்டணம். முழுப் பயணத்திலும் இதைவிட மலிவாக எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி எதுவும் இல்லை. எதிரே இரண்டு பாகிஸ்தானியர்கள். ஒருவருக்கு முதல் சவாரி போலிருக்கிறது, பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பாய், இந்தப் படகுக்கு பிரேக் உண்டா?"

"உண்டு. அக்கரைதான் பிரேக்."

படகு போய் அக்கரையில் முட்டியது. எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தோம்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கராஜுக்கு வரச் சொல்லியிருந்தான் செந்தில். முசஃபாவில் தெருக்களுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம்; எம் என்ற எழுத்தோடு ஓர் எண். அவன் சொன்ன எண் பதினேழு. நான் டாக்சிக்காரரிடம் முப்பத்தேழு என்று சொல்லிவிட்டேன். டைரியைத் திறந்து பார்த்தால், அதிலும் என் கையாலேயே 37 என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தக் காசு கைக்கு வந்த பன்னிரண்டு ஆண்டுகளாக 1937 என்றே எழுதிப் பழகிய விரல்கள், வேறெந்த எண்ணையும் மதிப்பதில்லை. டயர் மலைகளுக்கும் வெல்டிங் பொறிகளுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் நடந்தேன். வழி கேட்ட ஒவ்வொருவரும் "யெல்லா, சீதா" என்று நேராகக் கை காட்டினார்கள். நேராகப் போய்ப் போய் இரண்டு முறை அதே சுவருக்கு வந்து சேர்ந்தேன். கடைசியில் செந்தில் வந்து பொறுக்கிக்கொண்டு போனான்.

"மாமா, நீங்க பதிவு பண்ணின பத்திரமெல்லாம் சரியான ஆளு பேர்லதான் இருக்கா?"

கராஜில் மீன்குழம்பும் சோறும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, என் வழக்கப்படி காசை எடுத்தேன். மெக்கானிக், பெயின்டர், எலெக்ட்ரீசியன் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கதையைச் சொன்னேன். எருமை ஒன்றுக்குப் போகும் இடம் வந்ததும் கராஜே அதிர்ந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. யோகன் என்று பெயர், யாழ்ப்பாணம் சுன்னாகத்துக்காரர், அங்கே டென்டர். அடிபட்ட கார்களின் நசுங்கலைத் தட்டி நிமிர்த்துகிறவரை வளைகுடாவில் டென்டர் என்கிறார்கள். காசை வாங்கி, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி, பெயின்ட் அறையின் நீளமான டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்றார். கண்ணுக்கு நேரே தூக்கி, மெதுவாகச் சாய்த்தார். மறுபடி சாய்த்தார்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. இது அடிபட்ட வாகனம்."

"என்ன?"

"வாங்கோ, காட்டுறன்." பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக் காரின் கதவுக்கு என்னைக் கூட்டிப்போனார். "இந்தக் கதவில லைட்டின்ர கோட்டைப் பாருங்கோ. நேராப் போகுதே?"

"போகிறது."

"இப்ப பின் கதவு."

விளக்கின் பிம்பம் கைப்பிடிக்குக் கீழே வந்ததும், பாம்புபோல ஒரு நெளிவு நெளிந்து மறுபடி நேரானது.

"அதில அடிபட்டுப் பட்டி பூசியிருக்கு. விக்கிறவன் ஆயிரம் சத்தியம் பண்ணுவான், லைட் பொய் சொல்லாது. இப்ப உங்கட எருமையைப் பாருங்கோ."

என் காசு அதிகம் புழங்காதது. பளபளப்பு இன்னும் போகவில்லை. வெளிச்சக் கோடு எருமையின் மார்பைத் தாண்டி வந்தது. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழிக்குள் இறங்கி, ஏறி, அப்பால் போனது. நான் காசை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்தேன்.

"அந்தப் புள்ளிக் கோடு?" என்றேன்.

"நாங்கள் இஞ்ச ஃபைபர் பம்பருக்கு அச்சுச் செய்யிறனாங்கள் ஐயா. அச்சில கீறினா சாமானில மேடு வரும். சாமானிலயே கீறினா பள்ளம்தான் வரும். நீங்கள் சொன்ன கதையில அவன் தேய்ச்சது அச்சை. அப்ப உங்கட கோடு மேடா நிக்க வேணும். நகத்தை வச்சுப் பாருங்கோ."

வைத்தேன். நகம் இடறவில்லை, விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் சிறுநீர் என்று நம்பியது ஒரு கீறல். யாரோ ஓர் ஆள், எங்கோ ஓர் அறையில், சின்ன உளியால் என் எருமையின் காலை எடுத்துவிட்டு, போனால் போகிறதென்று கோட்டையும் இழுத்துவிட்டிருக்கிறான்.

"ஆனா நல்ல வேலைக்காரன்" என்றார் யோகன், ஆறுதலாக. "குளம்பை விட்டிருக்கிறான் பாருங்கோ."

வேறு நேரமாக இருந்தால் உடைந்திருப்பேன். அன்று எனக்கு வந்தது சிரிப்பு. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், அந்தப் பாடத்தை எழுதியதே ஒரு போலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! 1937 என்ற எண் அசல், மறுபக்கம் கீழேயிருந்த, டென்வரைக் குறிக்கும் டி என்ற எழுத்தும் அசல். நான் தேதியைப் பார்த்தேன். எருமையைப் பார்க்கவே இல்லை.

சிரிப்பு ஓய்ந்தது அறைக்குத் திரும்பிய பிறகுதான். வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளி, நான் தீர்ப்புச் சொன்ன படங்களைத் தேடினேன். சரியாக ஏழு. ஆறுக்கு அசல் என்றிருந்தேன். அவையெல்லாம் என் காசைப் போலவே கோடு கீறியவை. ஒன்றுக்கு மட்டும் போலி. அது காதர் பாய் அனுப்பியது. படத்தைப் பெரிதாக்கினேன். வயிற்றுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் மேடாக, உப்புத் தூவியதுபோலத் தரைவரை இறங்கியிருந்தன. அன்றைக்கு நான் போட்ட பதிலும் அங்கேயே இருந்தது: 'போலி. கோடு சரியில்லை.' அதற்குக் காதர் பாய் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, 'நன்றி சார், நல்லவேளை கேட்டேன்' என்று எழுதியிருந்தார்.

"மாமா" என்றான் செந்தில், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "நாளைக்குக் காசைத் தூரத்துல காட்டிட்டு உள்ள வச்சிருங்க. கையில குடுக்காதிய. அங்க யாரு டியூப் லைட்டோட வரப்போறா?"

"காதர் பாயுடைய காசு?"

"அவரே மறந்திருப்பாரு."

மறந்திருந்தால் என்னை ஏன் அழைக்கிறார்? தான் சொந்தமாக வைத்திருக்க முடியாமல் போன அசலை, ஒருமுறையாவது கையில் பிடித்துப் பார்க்கத்தான். அவருக்கு நான் காட்டப்போவது போலி. போலி என்று நான் தள்ளிய அவருடைய காசு அசலாக இருக்கலாம். அதை அவர் குப்பையில் போட்டிருந்தால்?

வெள்ளிக்கிழமை காலை யோகனைத் தேடிப் போனேன். அந்தக் கராஜுக்கு இன்னும் வெள்ளிதான் லீவு.

"ஐயா, நான் உடுப்புத் தோய்க்கிற நாள். கிழமைக்கு ஒருக்காத்தான் வாளி எனக்குக் கிடைக்கும்."

"யோகன், நான் மேடையில் ஏறி என் காசு போலி என்று சொல்லப்போகிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்பாடு இருக்கோ?"

"களறிச் சாப்பாடு, காயல்பட்டினத்துக் கல்யாண விருந்து என்று காதர் பாய் சொன்னார்."

"அப்ப உடுப்பு அடுத்த கிழமை."

செந்திலின் காரில் மூவரும் கிளம்பினோம். பாதி வழியில், இரண்டு பக்கமும் மணலைத் தவிர எதுவுமில்லாத இடத்தில், முன்மூடியிலிருந்து இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல ஆவி கிளம்பியது. ஓரம் கட்டி மூடியைத் தூக்கினோம். கராஜில் வேலை செய்யும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"யோகண்ணே, என்ன ஆயிருக்கும்?"

"எனக்கு வெளிப்பக்கம்தான் தெரியும் தம்பி. உள்ளுக்கு மெக்கானிக்கைக் கேக்க வேணும். நீர்தானே சாமான் குடுக்கிற ஆள்?"

"பார்ட் நம்பர் சொல்லுவேன். மாட்டத் தெரியாது."

கடைசியில் ஒரு ரெக்கவரி வண்டி வந்தது. ஓட்டி வந்த பட்டாணியர் காரைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு, எங்கள் மூவரையும் தன் பக்கத்தில் இரண்டு பேருக்கான இடத்தில் அடைத்துக்கொண்டார். என் ஒரு கால் கியருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் கியர் மாற்றும்போதெல்லாம் நான் காலைத் தூக்க வேண்டும். அப்படியாகத் தேராவின் நெரிசலில், முதுகில் காரோடு, சிறப்புப் பேச்சாளர் வந்து இறங்கினார். வாசலில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"மாஷா அல்லாஹ்! வண்டி மேல வண்டியில வாறீங்களே சார்!" என்று காதர் பாய் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஒல்லியான உயரமான மனிதர், வெள்ளைத் தொப்பி, சிரித்தால் முகமே போதவில்லை.

மாடியில் முப்பது பேர் இருக்கும். முன்வரிசையில் பூதக்கண்ணாடிகள் தயாராக இருந்தன. காதர் பாய் என்னைப் பற்றிப் பேசினார். "தேதி விசயத்துல சாரு ஒரு நாளு கூட பிசகினதில்ல" என்றார். நேற்று முப்பத்தேழில் அலைந்ததை நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

1913இல் தொடங்கினேன். மண்மேட்டில் நின்ற எருமையை, அதே ஆண்டில் தட்டையான தரைக்கு இறக்கியதைச் சொன்னேன். 2005இல் ஒரே ஓராண்டு அது ஐந்து சென்ட் காசுக்குத் திரும்பி வந்துபோனதைச் சொன்னேன். நம் ஊர் அணாவில் நின்ற காளைக்கு யாரும் காலை எடுக்கவில்லை என்றேன். சிரித்தார்கள். பிறகு என் காசை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லோரும் எழுந்தார்கள்.

"உட்காருங்கள். இது போலி."

முன்வரிசையில் ஒரு பூதக்கண்ணாடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ, "சோதிக்கிறாரு, சும்மா இரு" என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

"சோதிக்கவில்லை. நேற்று மதியம் இரண்டே காலுக்குத் தெரிந்தது. கண்டுபிடித்தவர் இதோ இருக்கிறார்" என்று யோகனை இழுத்து முன்னால் நிறுத்தினேன்.

அந்த மனிதர் கூட்டத்தில் பேசியதில்லை. முதலில் தொண்டையைக் கனைத்தார், பிறகு கைபேசியின் விளக்கைப் போட்டார், அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கீழே நின்ற கார்களை மாடிச் சன்னலிலிருந்தே காட்டி, எது அடிபட்டது, எது அடிபடாதது என்றார். மூன்றாவது வரிசையில் ஒருவர், "அந்தச் செவப்புக் காரு என்னோடதுங்க, போன மாசம்தான் புதுசு மாதிரின்னு வாங்குனேன்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் காசு கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவரும் நகத்தை வைத்து, "ஆமா, பள்ளம்!" என்று கத்தினார்கள். என் அவமானம் இவ்வளவு பேருக்கு இவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"இன்னொன்று" என்றேன். "இந்தக் காசை வைத்து நான் சொன்ன தீர்ப்புகள் ஏழு. ஏழும் ரத்து."

காதர் பாய் மெதுவாக எழுந்தார். சிரிப்பு இல்லாத அந்த முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

"அப்ப சார், எம் மாடு?"

"வைத்திருக்கிறீர்களா?"

அவர் ஜிப்பாப் பைக்குள் கையை விட்டு, கடைச் சாவிக்கொத்தை எடுத்தார். நான்கு சாவிகள். அவற்றுக்கு நடுவே வளையத்தில், வாலுக்கு மேலே வானத்தில் துளையிட்டு, தொங்கிக்கொண்டிருந்தது மூன்று கால் எருமை.

"போலின்னு சொன்னீங்கல்ல. எறியவும் மனசு ஈக்கல. பக்கத்துக் கட சாவிக்காரன்ட்ட ஓட்ட போட்டு மாட்டிட்டேன்."

யோகன் சாவிக்கொத்தை வாங்கி, விளக்கைத் தாழ்த்திப் பிடித்துச் சாய்த்தார். பையில் உரசி உரசி எருமையின் முதுகு மழுங்கியிருந்தது. 1937இல் ஏழு பாதிதான் மிச்சம். ஆனால் கால்களுக்கு நடுவே பள்ளமான இடம், சாவி தொடாத இடம். வெளிச்சம் மார்பிலிருந்து கிளம்பி வந்தது. எங்கும் இறங்கவில்லை.

"ஐயா, நீங்களும் நகத்தை வையுங்கோ."

என் நகம் இடறியது. ஒன்று, இரண்டு, மூன்று. மேடுகள்.

"இது அடிபட்ட வாகனம் இல்லை" என்றார் யோகன். "கொம்பனியிலயே வந்த பிழை."

மாடி இடிந்துவிடும்போலக் கூச்சல். நான் காதர் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சான்றிதழ் தருகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும்வரை இது எங்கள் தீர்ப்புதான், ஓட்டை விழுந்த காசுக்கு அவர்களும் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். "ஓட்டை..." என்பதற்கு மேல் வரவில்லை.

காதர் பாய் காசைத் தன் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். துளையின் வழியாக என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்தேன்.

"சார், தெனமும் ரெண்டு தரம் இதத்தான் கையில பிடிச்சிக் கடையத் தொறந்தேன்! அசல ஒரு தரம் தொட்டுப் பாக்கணும்னு உங்களுக்கு டிக்கெட் அனுப்பி..." அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்துத் தொப்பி கழன்று விழுந்தது.

கறியும், கத்திரிக்காய் மாங்காயும், பருப்பும், நெய்ச்சோறும் பெரிய தாலாக்களில் வந்தன. ஒரு தாலாவைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்தோம். யோகன் மூன்று முறை சோறு வாங்கினார். சிவப்புக் கார்க்காரர் மட்டும் சன்னலோரமாக உட்கார்ந்து, கீழே பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். அசல் என்று நான் சொல்லியிருந்த மற்ற ஆறு பேருக்கும், சாப்பிட்டு எழுவதற்கு முன்பே திருத்தம் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர்கள் இன்னும் படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காதர் பாயின் கடைக்குப் போனேன். அவர் கதவைத் திறந்துவிட்டு, வளையத்திலிருந்து எருமையைக் கழற்றி, ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, கண்ணாடித் தட்டின் நடுவில் வைத்தார். வாட்சுகளைக் கொஞ்சம் தள்ளி அதற்கு இடம் கொடுத்தார். பிறகு கையில் தளர்ந்து தொங்கிய சாவிகளைப் பார்த்தார்.

"இப்ப இதுகளோட எத மாட்டுறது?"

நான் என் சட்டைப் பையிலிருந்ததை எடுத்தேன்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் வங்காளி. காசை இடுக்கியில் வைத்து இறுக்கி, துளைக் கருவியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இந்தியில் கேட்டார்: "எந்த இடத்தில்?"

"கால் இருந்த இடத்தில்" என்றேன்.